வைக்கோல், சோகை, சிரட்டை: தோட்டத்துக் கழிவில் எரிபொருள் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், அதாவது கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கம், கேரளத்துக்குள் இருந்தாலும் மழை குறைந்த பூமி. நெல்லும் தென்னையும் இருக்கிற அதே பஞ்சாயத்தில் கரும்பு, நிலக்கடலை, மக்காச்சோளம், காய்கறி எல்லாம் இருக்கும். அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு: வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பயிர்க்கழிவு கையில் இருந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதியை வரப்போரம் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். ஒரு டன் நெல் வைக்கோலில் ஐந்தாறு கிலோ நைட்ரஜன் இருக்கிறது. கொளுத்தினால் அது ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். அதை ஈடுகட்ட யூரியா மூட்டைக்குக் காசு கொடுக்கிறோம், அடுப்புக்கு சிலிண்டரும் வாங்குகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாலைந்து மாடு, ஒன்றிரண்டு ஏக்கர் நிலம், வீட்டு அடுப்பு என்ற அளவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய முதலீடு போட்டு ஆலை வைப்பவர்களுக்கு வேறு கணக்கு.

வைக்கோலில் பெட்ரோல் எடுக்க முடியாதா?

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், எனவே இதை முடித்துவிடுவோம். பெட்ரோல் எடுக்க முடியாது, ஆனால் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் எடுக்கலாம். ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல் அப்படி ஓர் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். ஆனால் வைக்கோலின் நாரை உடைத்துச் சர்க்கரையாக்க அமிலம், உயர் அழுத்த நீராவி, விலை கூடிய நொதிகள் எல்லாம் வேண்டும். வீட்டில் ஆகிற காரியமில்லை. அதற்கு மேல், உரிமம் இல்லாமல் எதிலிருந்து எத்தனால் காய்ச்சி வடித்தாலும் கேரளத்தில் அப்காரி (மது) சட்டப்படி குற்றம். எரிபொருளுக்குத்தான் என்று சொன்னால் எக்சைஸ்காரர்கள் விட்டுவிட மாட்டார்கள். அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நமக்குக் கைகூடுவது இரண்டு: ஒன்று வாயு, இன்னொன்று கரிக்கட்டி.

முதல் வேலை: பிரித்துப் போடுவது

எல்லாக் கழிவையும் ஒரே இடத்தில் குவிப்பதில்தான் பாதிப் பேரின் முயற்சி கெடுகிறது. மூன்றாகப் பிரியுங்கள்.

மாடு தின்பது கழிவே இல்லை. நல்ல வைக்கோல், கடலைக்கொடி, சோளத்தட்டு எல்லாம் மாட்டுக்குத்தான். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் தீவனத்தை எரிபொருளாக்குவது நஷ்டம். மாடு தின்று சாணமாகப் போட்டாலும் அந்தச் சாணம் வாயுவுக்கு வரத்தான் போகிறது.

நிலத்துக்கு உரியதை நிலத்திலேயே விடுங்கள். ஒரு ஏக்கர் கரும்பில் மூன்று நான்கு டன் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, விழும். அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தால் மண் மொட்டையாகிவிடும். பாதியாவது மூடாக்காகக் கிடக்கட்டும். நம் ஊர்க் கோடைக்கு அது தண்ணீரை எவ்வளவு காப்பாற்றும் என்பது கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும். தென்னை மட்டையும் அப்படித்தான்.

இவை போக மிஞ்சுவதுதான் எரிபொருளுக்கு. மிஞ்சியதை ஈரமானது, காய்ந்தது என்று இரண்டாக்குங்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் முதல் போக அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் வைக்கோல் நனைந்து, கறுத்து, பூஞ்சை வாசம் அடிக்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்த வைக்கோல் வாயுவுக்கு. அழுகிய தக்காளி, கத்தரி, பூசணி, வாழைத்தண்டு இவையும் வாயுவுக்கு. சிரட்டை (தேங்காய் ஓடு), கடலைத் தோல், பருத்திமார், துவரைமார் (காய்ந்த பருத்தி, துவரைச் செடிகள்), மணி உதிர்த்த மக்காச்சோளக் கருது போன்றவை கரிக்கு. ஈரமானதைக் கரியாக்கப் போனால் அதன் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடும். காய்ந்த கட்டையைச் சாணத் தொட்டியில் போட்டால் பாக்டீரியாவால் அதைக் கடிக்க முடியாது, போட்டபடியே கிடக்கும்.

நெல் வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்தாலும் கரிக்கு வேண்டாம் என்பேன். அதில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் சாம்பல், பெரும்பாலும் மணல் போன்ற சிலிக்கா. உமியில் இன்னும் அதிகம், இருபது வரை போகும். கரிக்கட்டி செய்தால் அடுப்பில் சாம்பல்தான் மிஞ்சும்.

ஈரமானதற்கு: கோபர் கேஸ் தொட்டி

காற்றில்லாத தொட்டிக்குள் பாக்டீரியாக்கள் கழிவைச் செரித்து மீத்தேன் வாயுவை விடுகின்றன. வெளியே வரும் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. பயிர் இந்தப் போகத்தில் காற்றிலிருந்து எடுத்த கரிமம்தான் அடுப்பில் எரிந்து திரும்பப் போகிறது. அடுத்த போகம் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுக்கும் எரிபொருளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் 35 முதல் 40 லிட்டர் வாயு வரும். நாளைக்கு 2 கனமீட்டர் வாயு வேண்டுமானால் 50 கிலோ சாணம், அதாவது நாலைந்து மாடு. ஒரு கனமீட்டர் வாயு சுமார் 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். 2 கனமீட்டர் தொட்டி ஒழுங்காக ஓடினால் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். நாலைந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு அது தாராளம்.

மாடு இரண்டுதான் இருக்கிறது என்றால்? அங்கேதான் பயிர்க்கழிவு கைகொடுக்கிறது. சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வைக்கோலில் தண்ணீர் குறைவு என்பதால், நன்றாகச் செரித்தால் ஒரு கிலோ வைக்கோல் நாலைந்து கிலோ சாணத்தின் வேலையைச் செய்யும். நன்றாகச் செரிக்க வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எந்த மாதிரித் தொட்டி என்று கேட்டால், வைக்கோல் சேர்க்கும் எண்ணம் இருப்பவர்கள் மிதக்கும் டிரம் உள்ளதைக் கட்டுங்கள். காதி கமிஷன் அறுபதுகளிலிருந்து பரப்பிவரும் மாதிரி அது. வைக்கோல் மேலே மிதந்து ஆடைபோல் இறுகும். மிதக்கும் டிரம்மை இடமும் வலமுமாகத் திருப்பினால் அந்த ஆடை உடைந்துவிடும். மண்ணுக்குள் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து மாதிரி செலவு குறைந்தது, சாணம் மட்டும் போடுபவர்களுக்கு மிகவும் நல்லது. ஆனால் அதற்குள் ஆடை பிடித்தால் உடைப்பது பெரும்பாடு.

இடம்: வெயில் படும் இடம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கம், சமையலறையிலிருந்து இருபது மீட்டருக்குள் இருந்தால் நல்லது. கிணற்றிலிருந்து குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி. தென்னையை ஒட்டிக் கட்டாதீர்கள், வேர் சுவரைக் கிளப்பிவிடும். குழாய் சற்றுச் சரிவாகப் போக வேண்டும், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு வால்வு வேண்டும். வாயுவோடு வரும் நீராவி குழாயில் தங்கினால் அடுப்பில் சுடர் துடிக்கும், அப்புறம் அணைந்துவிடும்.

குழி வெட்டுவதற்கு முன்பே கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்), கேரள அரசின் மரபுசாரா எரிசக்தி முகமையான அனெர்ட் அலுவலகத்திலும் மானியம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஆந்திரத்துச் சித்தூர், நகரி பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு அதே வேலையை அந்த மாநில எரிசக்தி நிறுவனமான என்ஆர்இடிகேப் (முன்பு நெட்கேப்) பார்க்கிறது.

இனி ஓட்டும் முறை.

முதல் நிரப்பு சாணம் மட்டுமே. 2 கனமீட்டர் தொட்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன் தேவைப்படும். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளில் சொல்லிவைத்துச் சேருங்கள். ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கல்லும் மண்ணும் உள்ளே போகக்கூடாது. ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து சில குடம் ஸ்லரி (செரித்து வெளியேறும் சாணக் கூழ்) கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், பாக்டீரியா சீக்கிரம் பெருகும்.

பிறகு காத்திருக்க வேண்டும். "ஊத்தி ஒரு வாரமாச்சுங்க, இன்னும் கேஸ் எரியலைங்க" என்று பதறுபவர்கள் உண்டு. இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் டிரம் தூக்கினாலும் அந்த வாயு எரியாது, அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். திறந்தவெளியில் வெளியே விட்டுவிடுங்கள். குழாய் முனையில் நேராகத் தீக்குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். சோதிப்பதானால் அடுப்பில் மட்டும்.

சுடர் நிலைத்து எரியத் தொடங்கிய பிறகு தினமும் சாணக் கரைசல் ஊற்றிவாருங்கள். ஒரு மாதம் சீராக ஓடட்டும். அதற்குப் பிறகுதான் வைக்கோல்.

வைக்கோலை அப்படியே போடக்கூடாது. தட்டு வெட்டும் மெஷினில் ஓர் அங்குலத்துக்கும் சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டியதை ஒரு பேரலில் போட்டு, தொட்டியிலிருந்து வெளியேறும் ஸ்லரியை மூழ்கும்வரை ஊற்றி, ஐந்தாறு நாள் ஊறவிடுங்கள். எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் நார் வழவழப்பாகப் பிரிய வேண்டும். மொடமொடவென்று இருந்தால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். ஊறியதைச் சாணக் கரைசலோடு கலந்து ஊற்றுங்கள். வைக்கோலின் காய்ந்த எடையை வைத்துக் கணக்குப் பாருங்கள். முதல் வாரம் நாளைக்கு அரைக் கிலோ, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. 50 கிலோ சாணத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். சாணம் குறைவாக இருந்தால் அதே விகிதத்தில் குறையுங்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்றால், பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால்தான் சுகம். சாணம் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கிறது. நெல் வைக்கோலில் கரிமம் 60, 80 பங்கு வரை இருக்கும். அதனால் வைக்கோல் சேர்க்கிற நாளில் கொஞ்சம் கோமியமும் சேருங்கள், நைட்ரஜன் ஈடாகும். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடென்றால் கொட்டகை கழுவிய தண்ணீரையோ ஸ்லரியின் தெளிவையோ பாதிக்குப் பாதி பயன்படுத்தலாம். பினாயில், சோப்பு கலந்த தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது.

அழுகிய தக்காளியையும் பழத்தையும் ஒரே நாளில் கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். அவை வேகமாகப் புளித்து அமிலமாகும், மீத்தேன் விடும் பாக்டீரியாவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஸ்லரியில் புளித்த நாற்றம், வாயு குறைவது, சுடர் பிடிக்காமல் போவது, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் தொட்டி புளித்துவிட்டது என்று அர்த்தம். சில நாள் எதையும் போடாமல் நிறுத்துங்கள். பிறகு சாணக் கரைசல் மட்டும் கொஞ்சமாக ஊற்றி மீட்டெடுக்கலாம்.

எல்பிஜி அடுப்பு அப்படியே இதற்கு ஒத்துவராது, துளை பெரிதான கோபர் கேஸ் அடுப்பு வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. இரும்புத்தூள் அடைத்த சிறு குழாய் வழியாக வாயுவை விட்டால் அடங்கும். குழாய் இணைப்பில் கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் ஆள் இறங்கக்கூடாது. காலியாகத் தெரிகிற தொட்டியிலும் மூச்சை நிறுத்தும் வாயு தங்கியிருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் சேர்ந்து போன செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்.

வெளியே வரும் ஸ்லரி தென்னைப் பாத்திக்கும் காய்கறிக்கும் முதல்தர உரம். வைக்கோலில் இருந்த நைட்ரஜன் இப்படி நிலத்துக்கே திரும்பிவிடும். கொளுத்தினால் கிடைக்காதது இது.

காய்ந்ததற்கு: பேரலில் கரி

மாடு இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. மகாராஷ்டிரத்தில் ஏ.ஆர்.டி.ஐ. என்ற கிராமத் தொழில்நுட்ப நிறுவனம் கரும்புச் சோகையைக் கரிக்கட்டியாக்கும் முறைக்காக 2002இல் ஆஷ்டன் விருது பெற்றது. ஆனால் அங்கே சோகை அடைத்த கலன்களை மூடிவைத்து வெளியிலிருந்து சுடுகிறார்கள். சோகையை வெறும் பேரலில் போட்டால் கரியாகும் முன்பே சாம்பலாகிவிடும். புதியவர்கள் கடலைத் தோல், கருது, பருத்திமார், சிரட்டை என்று கெட்டியானவற்றில் தொடங்குங்கள்.

ஈரம் பார்க்க ஓர் எளிய வழி. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி நறுக்கிய கழிவு, அதோடு ஒரு கரண்டி காய்ந்த உப்பு. மூடிக் குலுக்கி, பாட்டிலை நிறுத்துங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் சரி.

200 லிட்டர் இரும்புப் பேரல் ஒன்று வாங்குங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்தது வேண்டாம். வெல்டிங் பட்டறையில் அடியில் ஏழெட்டுத் துளை, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம், போட்டுத் தரச்சொல்லுங்கள். மேலே முழுத்திறப்பு, இறுக மூடும் மூடி.

எங்கே, எப்போது எரிப்பது என்பது நம் ஊரில் மற்ற எதையும்விட முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், கார்த்திகை முதல் தை வரை கிழக்கிலிருந்தும் விடாமல் அடிக்கும். ஒரு பொறி போதும், பக்கத்துத் தோட்டத்து வைக்கோல்போர் போய்விடும். காற்று விழுந்த விடியற்காலையில் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். சுற்றிலும் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். பனையோலை வேலி, வைக்கோல்போர், மின்கம்பி மூன்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருங்கள். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு குவியல் ஈரமண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பேரலை மூன்று செங்கல் மேல் நிறுத்தி, முக்கால் உயரத்துக்குமேல் கழிவை நிரப்புங்கள். அமுக்க வேண்டாம், இடையில் காற்றுப் போக வேண்டும். கடலைத் தோல் மட்டும் போட்டால் அடைத்துக்கொள்ளும், இடையிடையே பருத்திமார்க் குச்சிகளைச் செருகுங்கள். இப்போது தீயை மேலே வையுங்கள், அடியில் அல்ல. அடியில் வைத்தால் ஊரே புகைந்துவிடும். மேலே வைத்தால் கீழிருந்து எழும் புகை தீயின் வழியாகப் போய் எரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். கொஞ்ச நேரத்தில் தீ பிடித்துக்கொண்டு மஞ்சளாக நின்று எரியும். எரிவது கழிவு அல்ல, கழிவிலிருந்து வரும் ஆவி. தீ மெல்லக் கீழே இறங்கும். பேரலின் பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியும், அந்த இடம் வரை சுரீரென்று ஆவியாகும். அடித்துளையில் சிவப்புக் கனல் தெரிய வேண்டும், மேலே மஞ்சள் சுடர் அடங்கி, கரியின் மேல் நீலச் சுடர் சிறிதாக ஓட வேண்டும். இரண்டும் தெரிந்ததும் தாமதிக்கக்கூடாது. நீலச் சுடர் என்றால் கரியே எரியத் தொடங்கிவிட்டது. மூடியைப் போட்டு, ஒருவர் பேரலைச் சாய்க்க மற்றவர் செங்கல்லை உருவி, பேரலைத் தரையில் உட்காரவைத்து, அடியைச் சுற்றியும் மூடி விளிம்பிலும் ஈரமண்ணை அப்புங்கள். எங்கும் புகை கசியக்கூடாது. இதற்கு இரண்டு பேர் வேண்டும், தோல் கையுறையும் வேண்டும்.

மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். சூடு இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும். போட்ட எடையில் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாக வந்தால் நாலில் ஒரு பங்கு கரி கிடைக்கும். பழுப்பாக இருப்பதை ஒதுக்கி அடுத்த முறை பேரலில் போடுங்கள்.

சிரட்டைக் கரியை அப்படியே அடுப்பில் போடலாம். மற்றது தூளாகத்தான் இருக்கும், அதைக் கட்டியாக்க வேண்டும். சாக்கில் கட்டி உலக்கையால் குத்திச் சலித்துக்கொள்ளுங்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். 10 கிலோ கரித்தூளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சிய கஞ்சி வேண்டும். சூடாக ஊற்றிப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை உடையக்கூடாது, விரலிடுக்கில் தண்ணீர் கசியவும் கூடாது. மாவு கூடினால் எரியும்போது புகையும், குறைந்தால் கட்டி உதிரும்.

பிவிசி குழாய்த் துண்டில் கலவையைப் போட்டு, உள்ளே சரியாக நுழையும் கட்டையால் அடித்து, மறுபக்கம் தள்ளி எடுங்கள். நடுவில் ஒரு குச்சியை நிறுத்தி அடித்தால் துளை விழும், கட்டி சீக்கிரம் காயும், சீராக எரியும். முதல் நாள் நிழலில், அப்புறம் மூன்று நான்கு நாள் வெயிலில். நேராக வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.

கரிக்கட்டியைப் புகை இல்லை என்பதற்காக மூடிய அறையில் எரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வரும். தூங்குகிற அறையில் குளிருக்குக் கரிச்சட்டி வைப்பது உயிரை எடுக்கும். கதவும் ஜன்னலும் திறந்த சமையலறையிலோ வெளித்திண்ணையிலோ மட்டும் எரியுங்கள்.

மிஞ்சினால் விற்பது

கழிவு நிறைய இருக்கிறது, செய்ய ஆள் இல்லை என்றால் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கத்து பிரிக்கெட் ஆலைகள் இருக்கின்றன. தூளாக்கிய கழிவை எந்தப் பசையும் இல்லாமல் அழுத்தத்தாலேயே கட்டியாக்கி, பாய்லர்களுக்கு விற்கிறார்கள். அழுத்தத்தில் வரும் சூட்டில் கழிவில் உள்ள லிக்னின் என்ற நார்ப்பொருள் இளகி ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குக் கடலைத் தோல் மிகவும் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. எந்திரத்துக்குள் போகும்போது 8 முதல் 12 சதவீதம் ஈரம்தான் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் இருந்தால் விலையைக் குறைப்பார்கள். எனவே இரண்டாம் போகம் முடிந்து மாசி, பங்குனி வெயிலில் காய்ந்ததை அந்த மாதங்களிலேயே ஏற்றி அனுப்புவது நல்லது. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், வண்டி வாடகை யார் பொறுப்பு, எடை எந்த வே பிரிட்ஜில் போடுவது என்று மூன்றையும் லோடு ஏற்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரியாக அனுப்பினால்தான் வாடகை கட்டுபடியாகும்.